ஆழம் குறைவுதானே என்று இறங்குமுன்

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு (இன்றைய சுவராஜ் தீவு) சுற்றுலா போகிறவர்களில் பலர் முதன்முதலாக ஸ்கூபா உபகரணம் மாட்டிக்கொள்வது நீமோ ரீஃப் போன்ற ஆழம் குறைந்த பவளப்பாறைகளில்தான். "நீச்சல்கூடத் தெரிய வேண்டாம், ஆழமே இல்லை" என்று தைரியம் சொல்லி அழைத்துப் போவார்கள். அந்தத் தைரியத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல இரு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அந்தக் காற்று நுரையீரலுக்குள் இரு மடங்காக விரியப் பார்க்கும். 20 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு ஏறும்போதோ ஒன்றரை மடங்குதான். ஆக, மேற்பரப்பை ஒட்டிய நீர்தான் பொல்லாதது. நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழி ரத்தத்தில் கலந்தால் மூளையே பாதிக்கப்படலாம். பதறினால் மூச்சை அடக்குவது மனித இயல்பு. எனவே, நிறுத்தாமல் மூச்சு விடும் பழக்கம் படியும்வரை இடுப்பளவு நீரிலேயே பயிற்சி தரச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் திரும்பிவிடுங்கள்.

ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், கர்ப்பம் பற்றியெல்லாம் படிவத்தில் கேட்பார்கள். வாய்ப்பு போய்விடுமே என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதுகிறவர்களை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. இன்னொன்று: நீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று பொருள், 'நலம்' என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். காது வலித்தாலும் பயமாக இருந்தாலும், காரணம் சொல்லாமலே மேலே வர உங்களுக்கு உரிமை உண்டு. ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால்கூட 12 மணி நேரமும், பல முறை என்றால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது.

பவளத்தில் கை கால் படக் கூடாது. அதை எடுத்து வருவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பயிற்றுநரின் கவனக்குறைவால் பாதிப்பு நேர்ந்தால், 'எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று ஒதுங்கிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அந்தமானுக்குப் போகாமல் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். வழிகாட்டுதலுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டண ரசீது, படிவத்தின் படம், மருத்துவச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.