மயிலிடம் ஆட்டம் கற்ற கலைகள்

இடுக்கி மாவட்டத்தின் காந்தலூரும் அதன் கீழே விரியும் சின்னார்க் காட்டுயிர்ச் சரணாலயமும், தென்மேற்குப் பருவமழையை மேற்கு முகடுகள் தடுத்துக்கொள்ளும் மழைமறைவுப் பகுதியில் அமைந்திருப்பதால், முட்புதர் மண்டிய வறண்ட வெளியை நாடும் மயிலுக்கு ஏற்ற இடமாக விளங்குகின்றன. இம்மலைகளை அடுத்துள்ள பழனி மலை, மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணிப் போர்வை ஈந்த வள்ளல் பேகனுக்குரியது. பேகன் கண்டது நடுக்கமே ஆயினும், அது குளிரால் வந்ததன்று. தோகை விரித்து மெல்லச் சுழலும் ஆண் மயில், பெடை நெருங்கியதும், தோகையின் பின்னே மறைந்திருக்கும் குட்டை வால் இறகுகளால் தோகையை நொடிக்கு ஏறத்தாழ 25 முறை அதிரச் செய்கிறது. அப்போது சலசலப்பு எழ, தோகை முழுதும் நடுங்கினும் அதிலுள்ள கண்கள் மட்டும் அசையாதவைபோல் தோன்றுவதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது.

இக்காட்சியைக் கலைக்கண்ணோடு கண்டவர்களுள் முதன்மையானவர் சங்கப் புலவர் கபிலர். அகநானூற்றின் 82ஆம் பாடலில், வண்டு துளைத்த மூங்கிலில் காற்று புகுந்து எழும் ஒலியைக் குழலாகவும் அருவியை முழவாகவும் கொண்டு, குரங்குகள் வியந்து நோக்க, களம் புகும் விறலியாக, அதாவது ஆடல்மகளாக, மயிலை அவர் நிறுத்துகிறார்.

ஆடற்கலைகள் இப்பறவையிடமிருந்து எடுத்துக்கொண்டவை வெவ்வேறு. முருகன் கோயில் விழாக்களில் நையாண்டி மேளத்துக்கு ஆடப்படும் மயிலாட்டம் இறகாடையையும் அலகையும் அணிந்து உருவத்தை ஏற்கிறது. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் என்னும் நாட்டிய நூலோ அசைவை நாடுகிறது: மோதிர விரல் நுனியைப் பெருவிரல் நுனியோடு சேர்த்து மற்ற விரல்களை நீட்டுவது மயூர முத்திரை; முன்பாதத்தில் ஊன்றி, இரு கைகளிலும் கபித்த முத்திரை தாங்கி, முழங்கால்களை மாறி மாறி அசைத்து நடப்பது மயூரி நடை. கதகளியின் கேகியாட்டத்தில் நடிகர் ஓர் இறகும் இன்றியே, உடலாலும் கண்ணாலும் மயிலாகிவிடுகிறார். மூன்றனுள் இதுவே அரியது. கழுத்தின் வெட்டையும் நின்று திரும்பும் நிதானத்தையும் கண்டறியாதவரால் இது இயலாது.

மயில் ஆடுவதை நேரில் காண விரும்பும் நடன மாணவர்கள் பருவமறிந்து செல்ல வேண்டும். தென்னிந்தியாவில் ஏப்ரல், மே மாதங்களே மயில் மிகுதியாக ஆடும் காலம்; இணைசேரும் பருவம் முடிந்ததும் தோகை உதிர்ந்துவிடும்.