மிதக்கும் ஊர்கள் – 6: கூரையைப் பிரித்த கப்பல்

கப்பல் அகலமாக ஆக, ஜன்னலுக்குத் தட்டுப்பாடு வரும். சொகுசுக் கப்பல் நடத்துவோருக்கு இது பழைய தலைவலி. ஓரத்து அறைகளுக்குக் கடல் தெரியும். நடுவில் மாட்டிக்கொண்ட அறைகளுக்கு நான்கு சுவர்தான். பால்கனி உள்ள அறைக்குக் கிடைக்கும் கட்டணம் அந்த இருட்டறைக்குக் கிடைக்காது. ஆகவே பெரிய கப்பல் கட்டுவது என்பது இரும்புக் கணக்கு மட்டுமல்ல, ஜன்னல் கணக்கும்கூட.

இதற்கு வழி கண்டது பின்லாந்தின் துர்க்கு நகரக் கப்பல் கட்டும் தளம். ஹெல்சிங்கிக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் இடையே இரவில் ஓடும் பயணிகள் கப்பலாக 1990இல் அங்கே உருவானது ‘சில்யா செரினேட்’. அதன் நடுவே நீளவாக்கில் ஒரு கடைத்தெருவையே வைத்தார்கள். உள்பக்க அறைகளின் ஜன்னல்கள் அந்தத் தெருவைப் பார்த்துத் திறந்தன. ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக 1999இல் அதே தளம் கட்டிய ‘வாயேஜர் ஆஃப் த சீஸ்’ கப்பலிலும் இந்த ஏற்பாடு இருந்தது. ஆனால் இரண்டிலும் தெருவுக்கு மேலே கூரை.

அந்தக் கூரையையே எடுத்துவிட்டால் என்ன?

2006இல் ‘ஜெனிசிஸ்’ என்ற திட்டப் பெயரோடு அதே தளத்தில் ஆர்டர் கொடுக்கப்பட்டு, 2009 அக்டோபரில் ‘ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்’ என்று வெளிவந்த கப்பல்தான் அதற்கான பதில். நீளம் சுமார் 360 மீட்டர். நீர்மட்டத்தில் அகலம் 47 மீட்டர். மேல்பகுதி இரண்டாகப் பிளந்து, எதிரெதிரே நிற்கும் இரு அடுக்குமாடி வரிசைகளாக எழுகிறது. இடையில் திறந்த வானம். கீழே 12,000 செடிகொடிகளுடன் ஒரு பூங்கா. அத்தனையும் உயிருள்ள செடிகள். உப்புக் காற்றை இருபுறத்து அறைகளே மதில்போல் தடுக்கின்றன. உள்பக்க அறைக்கும் பால்கனி கிடைத்துவிட்டது. என்ன, கடலுக்குப் பதில் எதிர் பால்கனிக்காரர் காபி குடிப்பது தெரியும்!

கட்டுமானப் பொறியாளர்களுக்கு இது லேசான விஷயமல்ல. அலைமேல் ஏறி இறங்கும்போது கப்பலின் உடல் வளையப் பார்க்கும். மூடிய மேல்தளம் அதைத் தாங்கும். நடுவைத் திறந்துவிட்டால் இரு பாதிகளும் தனித்தனியே அசையப் பார்க்கும். அந்த வலுவை வேறு இடங்களில் தேடியாக வேண்டும்.

வெளிவந்தபோது இதன் அளவு 2,25,282 டன் என்றார்கள். அது எடையல்ல, உள்ளே அடைபட்ட இடத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் டைட்டானிக்கைப் போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அறைக்கு இருவர் என்றால் அப்போது 5,400 பயணிகள். நெருக்கிப் பிடித்தால் ஆறாயிரத்தைத் தாண்டும். ஊழியர்கள் தனி.

கட்டியாகிவிட்டது; பால்டிக் கடலை விட்டு வெளியேற வேண்டுமே. ஸ்வீடனை ஒட்டிய ஜலசந்தியில் ஆழம் போதாது. ஒன்பது மீட்டருக்கு மேல் நீருக்குள் அமிழும் கப்பல் அது. மிச்சமிருந்தது டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்துக்கு அடியில் செல்லும் வழி. பாலத்தின் கீழ் இடைவெளி 65 மீட்டர். கப்பலோ நீருக்கு மேல் 72 மீட்டர். இதை முன்பே யோசித்து, புகைபோக்கிகளை உள்ளே இறக்கிக்கொள்ளும்படி வடிவமைத்திருந்தார்கள். அதோடு, ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போனால் கப்பல் சற்றுக் கீழே அமிழும். அதனால் பாலத்தை நெருங்கும்போது மெதுவாக அல்ல, வேகமாகவே ஓட்டினார்கள். தலைக்கு மேல் ஒரு மீட்டர்கூட மிச்சமில்லாமல் கப்பல் தாண்டியது. மறு ஆண்டு, அதன் இரட்டையான ‘அல்யூர் ஆஃப் த சீஸ்’ கப்பலும் அதே உத்தியோடு அதே பாலத்தைக் கடந்தது.

(தொடரும்)