சீப்பு பட்டாலே "உயிர் போகுது"! 7 மாதம் முடி வெட்டாமல் தவித்த வாலிபர், கைகொடுத்தார் சலூன்காரர்

சென்னை,

"முடி வெட்டிக்கிறது ஒரு பெரிய விஷயமா?" என்று கேட்கிறீர்களா? தலையில் அடிபட்டுப் பிழைத்தவரிடம் கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார்!

வடசென்னையில் ஒரு வாலிபர். வயது 26. வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வேலை. ஒரு மழை இரவில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தார். ஹெல்மெட் இருந்தது. தலையில் அல்ல, பெட்ரோல் டேங்க் மேல்!

பின்மண்டையில் 14 தையல். நல்லவேளையாக எலும்பு தப்பியது. பத்து நாளில் தையலைப் பிரித்தார்கள். ஸ்கேனிலும் கோளாறு இல்லை. ஆனால் தலையணை பட்டாலும் துடித்தார். சீப்பு பட்டால் அலறினார்.

மாதம் ஏழு ஓடியது. முடி தோளைத் தொட்டது.

தாயாரின் வேண்டுதல்

இதற்கிடையே வீட்டில் இன்னொரு சிக்கல். மகன் கண் விழித்தால் பழனியில் மொட்டை போடுவதாகத் தாயார் வேண்டிக்கொண்டிருந்தார்.

"முருகன் கொடுத்த உசிருடா. சாமிகிட்டயே கடன் வைக்கலாமா?" என்றார் தாயார்.

"கத்தின்னு நினைச்சாலே வேர்க்குதும்மா" என்றார் மகன். இரண்டு பேருக்கும் பேச்சே நின்றுபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சலூனுக்குப் போனார். ஒரே கூட்டம். பாட்டு அலறியது. காதோரம் மிஷின் "கிர்ர்" என்றதும், போர்த்திய துணியோடு எழுந்து ஓடிவிட்டார்! ஒரு பக்கம் வெட்டியும் மறுபக்கம் வெட்டாமலும் மூன்று வாரம் தொப்பியோடு திரிந்தார். தெருவில் சிரித்தார்கள். "சரியான பயந்தாங்கொள்ளி" என்றார்கள்.

பயம் அல்ல, நரம்பு!

இது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல. வேடிக்கை என்னவென்றால், மூளைக்கு வலி தெரியாது. ஆனால் தலையை மூடியிருக்கும் தோலுக்கு வலி நன்றாகவே தெரியும். நெற்றி முதல் உச்சி வரை ஒரு நரம்பின் கிளைகள். பின்மண்டைக்குக் கழுத்திலிருந்து ஏறும் நரம்புகள். அடியில் இவை நசுங்கினாலோ, தழும்பில் சிக்கினாலோ, பஞ்சு பட்டாலும் "வலி" என்றே மூளைக்குத் தகவல் போகும். பக்கத்திலேயே ஓர் இடம் மரத்தும் போயிருக்கும். சிலருக்குச் சத்தமும் வெளிச்சமும்கூட ஆகாது.

நாளாக நாளாகப் பலருக்கு இது குறையும். குறையாவிட்டால் மாத்திரை உண்டு, ஊசி உண்டு. சென்னை பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-ம் ஆண்டிலேயே மூளை, நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கி வைத்த ஊர் இது. நரம்பு டாக்டரிடம் காட்ட வெட்கப்பட வேண்டியதில்லை.

"புதன்கிழமை வா தம்பி"

வாலிபரின் கஷ்டத்தைக் கேட்டவர், தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் வயதான முடி திருத்தும் தொழிலாளி.

"செவ்வாய்க்கிழமை கடை லீவு. புதன்கிழமை காலைல ஈ காக்கா இருக்காது. அப்ப வா தம்பி. தலைக்கு வெதுவெதுன்னு தண்ணி ஊத்திக்கிட்டு வா" என்றார்.

புதன்கிழமை ரேடியோவை நிறுத்தினார். மிஷினை எடுக்கவே இல்லை. கத்தரி மட்டும்தான். "இப்ப வலது காதுகிட்ட வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். முடியை வேர்ப்பக்கம் விரலால் பிடித்துக்கொண்டு நுனியை வெட்டினார். இழுப்பு தோலுக்குப் போகவில்லை. தழும்பின் மேல் சீப்பு வைக்கவில்லை.

"கையைத் தூக்கினா நிறுத்திடுவேன். மிச்சத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். அன்று வாலிபர் நான்கு முறை கையைத் தூக்கினார். மூன்று புதன்கிழமைகளில் வேலை முடிந்தது!

"தலையைத் தட்டுறது, கழுத்துல நெட்டி முறிக்கிறது எல்லாம் இவங்களுக்குக் கூடவே கூடாதுங்க. கழுத்தைப் பின்னால சாய்க்கவும் கூடாது. பிளேடு போட்டா புதுசா போடணும்" என்கிறார் அந்தப் பெரியவர்.

இவர்கள் ஜாக்கிரதை!

ஆபரேஷனில் மண்டை எலும்பை எடுத்தவர்கள், தலைக்குள் குழாய் வைத்தவர்கள் டாக்டர் சொல்லாமல் சலூன் படி ஏறக்கூடாது. அந்த இடத்தில் விரல்கூட அழுந்தக்கூடாது. காயம் ஆறும்வரை "டை" வேண்டாம். தழும்பில் நீர் வடிந்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல், வாந்தி, வலிப்பு, அதிக தூக்கம், நாளுக்கு நாள் கூடும் தலைவலி வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மொட்டை யாருக்கு?

சரி, வேண்டுதல் என்ன ஆச்சு? அதற்கும் பெரியவரே வழி சொன்னார். "பூமுடி கொடுங்கம்மா. முருகன் என்ன, எடை போட்டா வாங்குறாரு?"

தாயும் மகனும் பழனிக்குப் போனார்கள். மகன் தலையில் மூன்று கத்தரி. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் தாயார் மொட்டை அடிக்க உட்கார்ந்துவிட்டார்!

"மிச்சக் கடன் என்னுதுடா" என்றாராம்.

வாலிபர் மறுபடி வேலைக்குப் போகிறார். ஹெல்மெட் இப்போது தலையில்தான். உள்ளே ஒரு பருத்தித் துணி.

சலூன்காரர் காசு வாங்கினாரா? வாங்கினார், ஒரே ஒரு முடிவெட்டுக்கு மட்டும். "காத்திருந்ததுக்கெல்லாம் எதுக்குத் தம்பி காசு?" என்றார்.