நடுக்குவாதமும் சிந்தனைத் திறனும்

முதியோர் சிலருக்குக் கை நடுங்குவதையும், நடை குறுகித் தளர்வதையும், முகம் உணர்ச்சியற்றுத் தோன்றுவதையும் காணலாம். நடுக்குவாதம் எனப்படும் இந்நோயை 1817-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தார். புலன்களும் அறிவும் இந்நோயால் பழுதுறுவதில்லை என்பது அவர் கருத்து. பிற்கால ஆராய்ச்சி இக்கருத்தைத் திருத்தியுள்ளது.

நடுமூளையில் கருநிறப் பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் இரசாயனப் பொருளை உண்டாக்கி, மூளையின் ஆழத்திலுள்ள நரம்புத் திரள்களுக்கு அனுப்புகின்றன. இவ்வணுக்கள் படிப்படியாக அழிவதால் அசைவு குன்றுகிறது. நோயாளிகளின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதை 1960-இல் வியன்னாவில் எரிங்கர், ஹார்னிகீவிச் ஆகிய இருவரும் வெளிப்படுத்தினர்.

அந்நரம்புத் திரள்கள் கைகால்களின் அசைவை மட்டும் நெறிப்படுத்துவன அல்ல. மூளையின் நெற்றிப் பகுதியுடனும் அவை இணைந்துள்ளன. திட்டமிடுதல், காரியத்தைத் தொடங்குதல், ஒன்றைவிட்டு மற்றொன்றில் மனத்தைத் திருப்புதல் ஆகிய ஆற்றல்கள் அவ்விணைப்பைச் சார்ந்தவை. ஆகவே, பல்லாண்டுகள் வீட்டின் வரவு செலவுக் கணக்கைப் பிழையின்றி எழுதிய ஒருவர், எதை முதலில் எழுதுவது, எதைப் பின்னர் எழுதுவது என்று தடுமாறலாம். நடந்துகொண்டே பேச நேர்ந்தால் கால் நின்றுவிடலாம். கேட்ட வினாவுக்கு விடை தாமதமாக வரலாம். தொடக்கக் காலத்தில் நினைவு பெரும்பாலும் அழிவதில்லை; சிறு குறிப்புக் கொடுத்தால் மறந்தது மீண்டும் வருவதுண்டு. நோய் நீடித்த ஆண்டுகளில் சிலருக்கு அறிவுத் தளர்ச்சி மிகுந்து, அன்றாட வாழ்வே பிறரைச் சார்ந்ததாகிவிடும்.

இந்த உண்மையை அறியாத குடும்பத்தினர், நோயாளியைச் சோம்பேறி என்றும் பிடிவாதக்காரர் என்றும் கடிந்துகொள்கின்றனர். அசைவற்ற முகத்தை அலட்சியமென எண்ணுகின்றனர். இத்தவறான எண்ணத்தை மாற்றுவதில் களப்பணியாளரும் ஆசிரியரும் பெருந்துணை புரியலாம். ஒரு சமயத்தில் ஒரே வேலையைச் சொல்லுதல், விடைக்குப் பொறுத்திருத்தல், அன்றாட வேலைகளை வரிசையாக எழுதி ஒட்டிவைத்தல் ஆகியவை எளிய முறைகள்.

லெவோடோபா மருந்து அசைவுக்கு நல்ல பயன் தரும். சிந்தனைத் தளர்ச்சிக்கு அத்துணைப் பயன் தருவதில்லை. நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரை முதியோரின் மனக்குழப்பத்தை அதிகரிக்கக்கூடும். எனவே, புதிதாகக் குழப்பம் தோன்றினால் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். எந்த மருந்தையும் தாமாகத் திடீரென நிறுத்துதல் கூடாது. அதனால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.