விக்கிரமனின் தோள்

இளமையிற் சுவைத்த நூல்களை நடுவயதில் மீண்டும் எடுத்துப் படிப்போர் ஏமாற்றமே அடைவர் என்பர். சென்ற விடுமுறையில், தலவாக்கலைக்கு அருகே நாம் பிறந்த தோட்டத்துக்குச் சென்றிருந்தபோது, தகரப் பெட்டியொன்றின் அடியில் இராமபாணம் தின்றது போக எஞ்சிய ஏழு 'அம்புலிமாமா' இதழ்கள் அகப்பட்டன. எமக்கும் முதலில் ஏமாற்றமே. வணிகர் கதைகளும் மந்திரி கதைகளும் சப்பென்றிருந்தன. இளவரசியர் அனைவருக்கும் ஒரே முகம் என்பதை அன்று எங்ஙனம் கவனியாது விட்டோமோ, தெரியவில்லை!

1947 ஜூலையில் சென்னையிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் வெளிவரத் தொடங்கிய இதழ் அது. 1980களின் இறுதியில் நாம் சிறுவராயிருந்தபோது புதிய இதழ் எங்கள் லயத்தை எட்டியதில்லை. பட்டினத்துக் கடையிலிருந்து எம் தந்தையார் பழைய இதழ்களை எப்போதேனும் வாங்கி வருவார். ஆகவே சித்திரை இதழுக்குப் பின் ஐப்பசி இதழ் வரும். தொடர்கதை எதற்கும் தலையுமில்லை, வாலுமில்லை.

விக்கிரமன், வேதாளம் கதைக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. சுடுகாட்டு மரத்திலிருந்து உடலை இறக்கித் தோளிலிட்டு அரசன் நடப்பான். வேதாளம் கதை சொல்லி வினாவும். விடை தெரிந்தும் சொல்லாவிடில் தலை சிதறும், சொன்னாலோ மௌனம் கலையும், சுமை மரத்துக்கே பறந்துவிடும். கொழுந்து மடுவத்தில் நிறுவை முடித்து, நனைந்த படங்கைக் களைந்து அடுப்பருகே அமரும் அன்னையாருக்குக் குப்பி விளக்கின் ஒளியில் அதனை உரக்கப் படித்துக் காட்டுவோம். அவருக்கு எழுத்துத் தெரியாது, சம்பளத்துக்குக் கைநாட்டுத்தான். எமக்கு வேதாளத்தின் புதிரே பெரிது. அவரோ, "அந்த மனுசன் எப்பதான் தம்பி அதை எறக்குவான்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "அடுத்த புத்தகத்துல வரும்மா" என்போம்.

வரவில்லை. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் வடமொழியில் இயற்றிய 'கதாசரித்சாகரம்' என்னும் பெருநூலில் இக்கதைகள் முடிவோடு உள்ளன என்பதைப் பட்டப்படிப்புக் காலத்தில்தான் அறிந்தோம். அங்கே அரசன் பெயர் திரிவிக்கிரமசேனன். தந்தை ஒருவன் ஒரு பெண்ணையும், அவன் மைந்தன் அப்பெண்ணின் தாயையும் மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் என்ன முறை என்று இறுதியில் வேதாளம் கேட்கிறது. அரசனுக்கு விடை தெரியவில்லை. வாய் திறவாது நடக்கிறான். அதனால் மகிழ்ந்த வேதாளம், அவனைப் பலியிடக் காத்திருக்கும் துறவியின் சூழ்ச்சியைச் சொல்லி உயிர் காக்கிறது. மூலத்தில் இருபத்தைந்தே கதைகள். இதழாசிரியர்களோ புதியன புனைந்து பல்லாண்டு நீட்டினர். இதழ் நடக்கவேண்டுமெனில் அரசன் சுமக்கத்தானே வேண்டும்! 2013ஆம் ஆண்டளவில் இதழே நின்றுபோயிற்று.

அம்முடிவை அறிந்த நாம், கேட்டவரிடம் சொன்னோமா எனில், இல்லை. ஆசிரியத் தொழில், குடும்பம், மாணவர் விடைத்தாள்கள் என இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. பெட்டியைத் திறந்த அன்றிரவுதான் அதே அடுப்பருகே அன்னையாருக்குச் சொன்னோம். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளாயின. ஆயினும் விடியுமுன் எழும் வழக்கம் விடவில்லை.

கேட்டு முடித்தவர், "தெரியாதுன்னு பேசாம இருந்தான்னா விட்டுச்சு?" என்றார். நாம் ஆமென்றோம். சிறிது நேரம் நெருப்பைத் தள்ளிக்கொண்டிருந்தார். பின்பு, "படத்தைக் காட்டு" என்றார்.

1952இல் அவ்விதழில் சேர்ந்து, பல்லாண்டுகள் வேதாளக் கதைக்குப் படம் எழுதிய ஓவியர் சங்கரின் சித்திரம் அது. கே. சி. சிவசங்கரன் என்னும் அவர் 2020இல் மறைந்தார். ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், காலடியில் எலும்புகள். அந்த வாளைத்தான் நாம் சிறு வயதில் பல நூறு முறை பார்த்து மகிழ்ந்திருக்கிறோம். அன்னையார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மற்ற இதழ்களையும் கேட்டு வாங்கி, ஏழையும் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பார்த்தார். பின்பு அரசன் தோளின்மேல் விரலை வைத்தார்.

"எல்லாத்துலயும் ஒரே பக்கந்தான் போட்டிருக்கான், பாரு. தோள் மாத்தவே இல்ல."