தேடுகிறவர் கைக்குக் கிடைக்கணும்



கடன், காப்பீடு, அரசுத் திட்டங்கள் பற்றிய தகவல்களையெல்லாம் சேர்த்து நம் கூட்டமைப்புக்கு ஓர் இணையதளம் தொடங்கலாம் என்று பேசி வருகிறோம். தகவலை ஏற்றுவது பெரிய வேலை இல்லை. ஏற்றியதை அவசரத்துக்கு எடுக்க முடியணும், அதுதான் வேலை.

உங்க குழுவின் உறுப்பினர் பேரேட்டைப் பாருங்க. யார் கணக்கு எந்தப் பக்கம் என்று முன்னாடியே எழுதி வைத்திருப்போம். இல்லையென்றால் ஊக்குநர் கூட்டம் முழுக்கப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கணும். இணையதளத்தின் முகப்புப் பக்கமும் அந்த மாதிரிதான்.

ஒரு உதாரணம் சொல்றோம். 2015-இல் வந்த பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில் 18 முதல் 50 வயது வரை உள்ளவங்க வங்கி மூலம் சேரலாம். சேர்ந்தவர் இறந்தால் வாரிசுதாரருக்கு 2 லட்சம் ரூபாய். சேர்ந்த முதல் 30 நாளில் மட்டும், விபத்துச் சாவுக்குத்தான் பணம் உண்டு. கணவரை இழந்த ஒரு பெண் இதை எப்படித் தேடுவாங்க? "சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள்" என்ற தலைப்பைத் தொடுவாங்களா? அந்த வார்த்தை அதிகாரிகளோடது. "வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால்" என்று தலைப்பு இருந்தால் கை தானாக அங்கே போகும். விபத்துக் காப்பீடான சுரக்ஷா திட்டமும் அதே பக்கத்திலேயே இருக்கணும். விபத்தில் இறந்தவர் இரண்டிலும் சேர்ந்திருந்தால் மொத்தம் 4 லட்சம் வரும். வேற வேற பக்கத்தில் போட்டால் ஒன்றை வாங்கிட்டு மற்றதை விட்டுடுவாங்க.

இறந்தவர் சேர்ந்திருந்தாரா என்பதே பல வீட்டில் தெரியாது. அவருடைய பாஸ்புக்கில் மே மாதக் கடைசியில் 436 ரூபாயோ 20 ரூபாயோ கழிந்திருந்தால் அதுதான் அடையாளம். அதனால் இதைப் பக்கத்தின் முதல் வரியாகவே போடணும். திட்டத்தின் வரலாறெல்லாம் கீழே இருக்கட்டும், வேண்டியவங்க படிச்சுக்குவாங்க. அடுத்து இறப்புச் சான்றிதழ், படிவம், எந்த வங்கிக் கிளைக்குப் போகணும் என்பது. பாஸ்புக்கில் "பி.எம்.ஜே.ஜே.பி.ஒய்." என்று சுருக்கி அச்சாகியிருக்கலாம். தேடும் கட்டத்தில் அந்த எழுத்தைப் போட்டாலும் இதே பக்கம் வரணும்.

ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகத் திருத்திய தேதி கட்டாயம். இந்தப் பிரீமியம் 2022 மே வரை 330 ரூபாயாகவும் 12 ரூபாயாகவும் இருந்தது. தேதி இல்லாத பழைய பக்கத்தைப் பார்த்துட்டு கணக்கில் 330 மட்டும் வைத்திருந்தால் பணம் பிடிக்க முடியாது, காப்பீடும் புதுப்பிக்காது.

அரசாணையை அப்படியே படம் பிடித்துப் போடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. செல்போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும், தேடினாலும் அகப்படாது. தமிழில் தட்டச்சு செய்து, சின்னச் சின்னப் பத்தியாகப் போடலாம். எந்தப் பக்கத்தில் இருந்தாலும் முகப்புக்குத் திரும்புகிற பொத்தான் ஒரே இடத்தில் இருக்கணும்.

தளம் தயாரானதும் ஊராட்சிக் கூட்டத்துக்குக் கொண்டு வருவோம். முன்பின் பார்க்காத ஒரு அக்காவிடம் போனைக் கொடுத்து, "விபத்துக்கு எவ்வளவு பணம் வரும், தேடிப் பாருங்க" என்று கேளுங்க. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தராதீங்க. அவங்க விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ, அந்த இடத்தை மட்டும் எங்களுக்குக் குறித்துக் கொடுங்க.