வாசற்படியில் ஓர் இடம்



"உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும்" என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். அதனாலோ என்னவோ, சும்மா உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் வியாபாரிக்குப் பிடிப்பதில்லை. கடைப் படியில் யாராவது உட்கார்ந்தால் தண்ணீர் ஊற்றுகிறோம்; இரும்புக் கம்பி பதிக்கிறோம். செங்கல்பட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நானும் அப்படிக் கம்பி பதித்தவன்தான்.

சென்ற பங்குனியில் வசூலுக்காக மாமல்லபுரம் போனேன். நான்கு கடை ஏறி இறங்கியதும் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு கடை வாசலில் நிழல் கண்டு உட்கார்ந்தேன். "பெரியவரே, இங்கே உட்காரக் கூடாது" என்றான் கடைப்பையன். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. என் கடை வாசலில் நான் எத்தனையோ பேரிடம் சொன்ன சொல் அது. சற்றுத் தள்ளி இளநீர் விற்ற அம்மாள் தன் முக்காலியை நகர்த்திக் கொடுத்தார். அரை மணி உட்கார்ந்தேன். இரண்டு இளநீர் குடித்து, வீட்டுக்கும் இரண்டு வாங்கினேன். வியாபாரம் யாருக்கு நடந்தது என்று பாருங்கள்!

அதே ஊரில், அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒற்றைக் காலில் நிற்கும் தவசியைப் பல்லவச் சிற்பி செதுக்கினான். வேறொரு கல்லில், பேன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குரங்குக் குடும்பத்தையும் செதுக்கி வைத்தார்கள். உழைப்புக்கும் ஓய்வுக்கும் அந்த ஊர்க் கல்லில் இடம் இருக்கிறது.

நம் முன்னோர் வீட்டுக்கு வீடு திண்ணை கட்டினார்கள். வழிப்போக்கர் உட்கார, படுத்து எழ அது உதவியது. இன்று திண்ணை போய் ஷட்டர் வந்துவிட்டது. திருக்கழுக்குன்றத்திலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் சில்லறைக் கடைக்காரர்கள் நம்மிடம் வருகிறார்கள். சிட்டையைக் கொடுத்துவிட்டுச் சரக்குக் கட்டும்வரை காத்திருக்கிறார்கள். லாரி வரும்வரை மூட்டை தூக்குபவரும் காத்திருக்கிறார். இவர்களெல்லாம் சோம்பேறிகளா?

குடித்துவிட்டு விழுபவர், வழியை மறிப்பவர், வெற்றிலை துப்புபவர் உண்டு, மறுக்கவில்லை. அவர்களை எழுப்பி அனுப்பலாம். அந்த நாலு பேருக்காக நாற்பது பேரை நிற்க வைப்பது நியாயமில்லை.

வெளியே இருப்பவரைப் பேசும்போது உள்ளே இருப்பவரையும் நினைக்க வேண்டும். கல்லாவில் நாம் உட்கார்ந்திருக்க, நம் ஆட்கள் காலை முதல் இரவுவரை நின்றார்கள். கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. நமது 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தையும் 2021-ல் திருத்தினார்கள். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும் என்பது இன்று சட்டம். ஆய்வாளர் வந்து கேட்கும்வரை நாம் காத்திருக்கலாமா?

ஊர் திரும்பியதும் கம்பிகளை அறுத்தெடுத்தேன். வாசலில் ஆறடிப் பலகை ஒன்று போட்டேன். முதல் வாரம் இரண்டு முதியவர்கள் வந்து உட்கார்ந்து, ஒன்றும் வாங்காமல் போனார்கள். போகட்டும். இதனால் எத்தனை ரூபாய் லாபம் என்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் பட்டியல் போட வரும் பெண்கள் இப்போது மூட்டைக்கு மூட்டை இடம் தேடுவதில்லை.

நம் சங்க உறுப்பினர்கள் கடைக்கொரு பலகை வாசலிலும், ஆளுக்கொரு முக்காலி உள்ளேயும் போட வேண்டுகிறேன். நமக்கும் வயதாகிறது. நாளை நாமும் யாரோ ஒருவர் கடை வாசலில் நிழல் தேடத்தான் போகிறோம்.